ஈயம் வைத்து அடைத்த கத்தரி விதை

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு இப்போது ஐந்து மாதம். உன் கல்யாணம் நிச்சயமான பிறகு இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்படி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்பே நீ எடுத்துப் படித்துவிட்டாலும் பாதகமில்லை. வேறு யார் படித்தாலும் பாதகமில்லை. சொல்லப்போனால் நிறையப் பேர் படிப்பது நல்லது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நான் புதன்கிழமை காலை கப்பல் ஏறுகிறேன். சரக்குக் கப்பல், எஞ்சின் அறையில் வேலை, இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும் என்பது உனக்கே தெரிந்திருக்கும். அதுவரை என்னைக் கொண்டுபோய் விடப்போகிற நீராவிப் படகின் எஞ்சினைப் போன மாதம் நானே பிரித்துச் சேர்த்தேன். ஆகவே அதுவரை பத்திரமாகப் போய்ச் சேருவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு அப்பால் நான் உத்தரவாதம் தரமாட்டேன். இது யுத்த காலம். எந்தக் கப்பல் எங்கே போயிற்று, எது திரும்பவில்லை என்று இந்தத் துறைமுகத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. எஞ்சின் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தை ஒருதரம் பார்த்தவனுக்கு மற்றதை விளக்கத் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிற நாளில், உன் முந்தியில் முடிந்துவிட ஒன்றும் இல்லாமல் உன் அம்மா வெறும் கையோடு நிற்பாள். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் ஏதோ மறந்துவிட்டாள் என்றோ, உனக்குக் கொடுக்க மனசில்லை என்றோ நீ நினைத்துவிடக்கூடாது. அவள் உனக்குக் கொடுக்கவேண்டியதை நான் கொன்றுவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதமாட்டேன். எல்லாம் தெரியும் என்று நினைத்துச் செய்தேன்.

கத்தரி விதையைத்தான் சொல்கிறேன். சிரிக்காதே. உன் அம்மா செல்லக்கனியின் ஊர் சாத்தான்குளத்துக்கு மேற்கே, பனையும் உடைமரமும் மட்டும் நிற்கிற காடு. அந்த ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர். அந்த உவர்த் தண்ணீரில் வளர்ந்து காய்க்கிற ஒரு கத்தரி அந்த வீடுகளில் இருந்தது. சின்னக் காய், பச்சை நிறத்தில் ஊதாக் கோடு, காம்பு முழுக்க முள். பறிக்கும்போது கையைக் கிழிக்கும். மகள் கல்யாணமாகிப் போகும்போது தாய் ஒரு கை விதையை அவள் முந்தியில் முடிந்துவிடுவாள். போன இடத்தில் அவள் அதை விதைத்து, முதல் காய்ப்பில் எடுத்த விதையில் ஒரு பங்கைத் தாய்க்கோ அக்காளுக்கோ திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் கொடுக்கவேண்டும், அவளும் அதேபோலத் திருப்பித் தரவேண்டும். விலைக்குக் கொடுப்பது கிடையாது. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டபோது இது ஏதோ பொம்பளைகள் சமாசாரம் என்று நினைத்தேன். ஒரே உதிரிப் பாகத்தை இரண்டு மூன்று கிடங்கில் வைப்பதுபோல ஒரே விதையைப் பத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டில் போனாலும் மறு வீட்டிலிருந்து வந்துவிடும் என்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை. டெக்னிக்கல் ஸ்கூலில் மூன்று வருஷம் படித்தவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவள் இங்கே வந்த மறுநாளே கொல்லையில் பாத்தி கட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக் கிணற்றை நீ பார்த்திருப்பாய், வாயில் வைக்க முடியாது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, நான் வேலை பார்க்கிற படகு எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாய்லருக்கு விடுகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க எங்களிடம் ஒரு மருந்து உண்டு. நாலு சொட்டு விட்டால் போதும், உப்பு இருந்தால் தண்ணீர் பால்போலத் திரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் திரிந்த வேகத்தைப் பார்த்து என் மேலதிகாரி இது கடல்தண்ணீரா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, "ஏளா, இந்தத் தண்ணிய பாய்லருக்கு விட்டா ஒரு வாரத்துல இரும்புக் கொழாயே அடைச்சுப்போகும். இதுல கத்தரி போடப் போறியா?" என்றேன். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஒங்க பாய்லரு கத்தரி காய்க்குமா?" என்றாள். அன்றைக்கு அவள் வந்து எட்டு நாள்கூட ஆகவில்லை.

காய்த்தது. ஐப்பசியில் முதல் காய். நான் விடவில்லை, பட்டறையில் நீராவி குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், சுத்தமான தண்ணீர், அதில் ஒரு டின் சுமந்துகொண்டு வந்து செடிக்கு ஊற்று, இரட்டிப்பாகக் காய்க்கும் என்றேன். அவள் அதை வாங்கிக் குடிதண்ணீர்ப் பானையில் ஊற்றிவிட்டாள். "செடிக்கு நல்ல தண்ணி காட்டிப் பழக்குனா பெறவு உவர்ல நிக்காது. சித்திரையில கெணறு கரிக்கும்போது எது வாடாம நிக்கோ அதுலதான் வெதைக்கு விடணும். எங்கம்ம அப்படித்தான் எடுத்தா" என்றாள். இதைவிடச் சரியான சோதனை முறையை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அதை அப்படிச் சொல்லவில்லை. சுமந்துவந்த டின்னுக்காகக் கோபப்பட்டேன். காயின் ருசியிலேயே ஒரு உப்பு இருக்கிறது, குழம்புக்கு உப்பு குறைத்துப் போட்டால் போதும் என்பாள். எனக்கு அந்த ருசி தெரிந்ததில்லை. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

முதல் வருஷத்து விதையில் பங்கு எடுத்துத் தன் அக்காள் வடிவுக்கு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உன் பெரியம்மாதான். தாய் அதற்குள் இறந்துபோயிருந்தாள். மீதி விதை சாம்பலில் புரட்டப்பட்டு, ஒரு ஓலைக் கொட்டானில் அடுப்புக்கு மேலே, புகைபடும்படி தொங்கியது. அதை எலி கடித்துப் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியை விதைத்து இரண்டாம் வருஷமும் நன்றாகவே காய்த்தது. ஆனால் எனக்கு அந்த எலி மனசிலேயே இருந்தது. ஓலை, சாம்பல், புகை, இதெல்லாம் ஒரு முறையா என்று தோன்றியது. இரண்டாம் வருஷம் மார்கழியில், நூல் கட்டி அடையாளம் வைத்திருந்த காய்கள் மஞ்சளாகப் பழுத்தன. அவள் விதையை அலசி, மிதந்ததைத் தள்ளி, முறத்தில் நிழலில் உலர வைத்தாள். மூன்று நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வேறொரு வேலைக்காகப் பற்றவைக்கிற இரும்பும் ஈயமும் வீட்டில் இருந்தன. கப்பல் பிஸ்கட் வந்த ஒரு தகர டப்பாவும் இருந்தது.

"இன்னும் பத்து நாள் காயணும்" என்றாள். "பனி பெய்யுது, இப்பம் போயி அடைக்காதிய."

"மூணு நாள் காஞ்சது போதும். காத்தே போகாம அடைச்சுட்டா எலி என்ன, எறும்புகூட நுழையாது. பத்து வருசம் கெடக்கும்."

"எதுக்குப் பத்து வருசம்? ஆடியில வேணும்."

"ஆடியில தெறந்து தாரேன். அதுவரைக்கும் நீ கையில வச்சு நோண்டாம இரி."

அவள் முறத்தை என் பக்கம் தள்ளினாள். சுத்தமாகச் செய்தேன், மகளே. மூடியைச் சுற்றி ஈயம் ஓடிய கோடு ஒரே சீராக இருந்தது. டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அதை ஓட்டுக்கு அடியில் பரணில் வைத்தேன். விதைக்குள்ளே இருந்த ஈரமும் உள்ளேயேதான் அடைபட்டது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பகலில் ஓடு காய, ராத்திரியில் குளிர, அந்த ஈரம் டப்பாவுக்குள்ளேயே வேர்த்து வேர்த்து விதையில் விழுந்துகொண்டிருந்தது. பாய்லர் வேலை செய்கிறவனுக்கு ஆவி என்ன செய்யும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது ஒரு தப்பு. ஒரு தப்போடு நின்றிருந்தால் விதை பிழைத்திருக்கும். தை மாதம் பக்கத்து வீட்டு வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், அந்தோணியம்மாள் வந்தாள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நடக்கிற வருஷத்தில் சிப்பிக்கும் இறங்குவார், ஆனால் வெகுநாளாகக் கடலடியில் சிப்பி வளர்கிற பார் எல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது என்று குளிப்பு நடக்கவே இல்லை. அந்தோணியம்மாளுக்கு என்னிடம் பயம் கிடையாது. எஞ்சின் பூட்டுகிறவன் என்று பட்டறையில் எல்லாரும் கூப்பிடுகிறபடி பிட்டர் என்றே கூப்பிடுவாள். "எய்யா பிட்டரு, ஒம் பொண்டாட்டி கத்தரி வெதையில ஒரு கை குடுக்கச் சொல்லு. அவ ஒங்கிட்டக் கேக்கச் சொல்லுதா" என்றாள்.

"அடைச்சாச்சே அம்மா. ஈயம் வச்சுப் பத்தவச்சாச்சு. இப்பம் தெறந்தா திரும்பவும் வேலை. ஆடியில வாங்க."

"ஒரு கை வெதைக்கா ஆடி வரைக்கும்? பூட்டுன்னாலும் சாவி இருக்கும். இது என்னய்யா பூட்டு?"

நான் சிரித்தேன். எதற்காக விதை வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். உன் அம்மா வாசல்படியில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். வந்து கேட்டவளுக்கு விதை இல்லை என்று அவள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எனக்காக அன்றைக்குச் சும்மா இருந்தாள்.

மாசியில் மூன்றாவது தப்பு. பழைய செடிகள் காய்ப்பு குறைந்து, இலை பழுத்து, பார்க்க அசிங்கமாக நின்றன. விதைதான் டப்பாவில் பத்திரமாக இருக்கிறதே, இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று ஒரு காலைப்பொழுதில் அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டேன். பாத்தியை மட்டம் வைத்து நேர்க்கோடாகத் திருத்தினேன். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்து, "ரெண்டையாவது விட்டுருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஆடி மாதம் உன் பெரியம்மா வடிவு வந்தாள். பஸ்ஸில் இங்கே பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டைக் கிராமம் வரைக்கும் வந்து, அங்கிருந்து யாரோடோ வண்டியில் வந்திருக்கிறாள். கையில் ஒரு வெறும் கொட்டான். சித்திரையில் அவர்கள் ஊர்க் கிணறுகள் அடியோடு வற்றிவிட்டன. ஊரில் அந்தக் கத்தரி இருந்த நாலைந்து வீட்டிலும் செடி கருகிவிட்டது. வைத்திருந்த விதையையும் ஒரு மழையை நம்பி விதைத்து, அதுவும் போயிற்று. "தங்கச்சிகிட்ட இருக்குன்னு சொல்லி எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றாள். உன் அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம், நீ வயிற்றில். அவள் முகம் பூரித்ததை நான் பார்த்தேன். தான் திருப்பிக் கொடுத்ததுபோக, மறுபடியும் கொடுக்க வாய்த்ததே என்கிற பெருமை.

நான் பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். உளியை வைத்துச் சுற்றிலும் தட்டி மூடியைப் பெயர்த்தேன். முதலில் வாடைதான் வந்தது. ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக இருந்தன, மேலே பஞ்சுபோலப் பூசணம். வடிவு ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள். மாவாக உதிர்ந்தது. அவள் தங்கச்சி புருஷனிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. உன் அம்மாவைப் பார்த்தே பேசினாள்.

"ஏளா செல்லம், அந்தோணியம்மா ஆளுக சவத்தத்தான் பெட்டியில வச்சு அடைப்பாவ. வெதையுமாளா அடைப்பாவ? ஒன் வீட்டுக்காரர்ட்டக் கேட்டுச் சொல்லு."

உன் அம்மா டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். "அடியில உள்ளது கொஞ்சம் நல்லா இருக்கும்க்கா" என்று அடியில் இருந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பிடி எடுத்தாள். அக்காளும் தங்கையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வடிவு மறுநாள் போய்விட்டாள். பங்கு விதையைத் திருப்பித் தருவதற்கு அவர்களுக்கு வார்த்தை இருக்கிறது. செத்த விதையைப் பங்கு போடுவதற்கு ஒரு வார்த்தையும் இல்லை, ஆகவே இரண்டு பேரும் பேசாமலே பிரித்தார்கள்.

நான் என் பங்குக்கு இருபது விதையை ஈரச் சாக்கில் சுற்றிச் சோதித்தேன். பத்தாம் நாள் இருபதும் அழுகியிருந்தன. முடிந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் பாத்தியில் தன் பங்கை விதைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள், இருபது நாள், ஒரு மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கிணற்றில் இறைத்து, ஒன்றும் முளைக்காத மண்ணுக்கு இரண்டு வேளையும் ஊற்றினாள். உப்பு பூத்து மண் வெள்ளையாகிவிட்டது. "விடு ளா, சோதிச்சுப் பாத்தாச்சு" என்று கத்தினேன். "நீங்க சோதிச்சது இருவதுதான" என்றாள். அந்தப் பதிலுக்கு என்னிடம் கணக்கு இருந்தது. இருபதில் ஒன்றுகூட முளைக்காத விதையில் மீதியும் முளைக்காது என்கிற கணக்கு. புரட்டாசியில் ஒருநாள் தானாகவே நிறுத்திவிட்டாள். வடிவு கொண்டுபோன பாதியும் முளைக்கவில்லை என்று ஊரிலிருந்து சேதி வந்தது.

பிறகு நான் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். கெட்டுப்போன எதற்கும் மாற்று எங்கேயாவது விற்கும் என்பது பட்டறைக்காரன் புத்தி. சர்க்கார் விவசாய டிப்போவில் காகித உறையில் விதை கொடுத்தார்கள், உறையில் கரு ஊதாவில் பெரிய கத்தரிக்காய்ப் படம். முளைத்தது, நன்றாகவே முளைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கண்டதும் இலை நுனி தீய்ந்து மூன்று வாரத்தில் எல்லாம் செத்தது. புதுக்கோட்டைச் சந்தையில் மூன்று பேரிடம் வாங்கினேன். மூன்றும் ஒரே கதி. தூத்துக்குடியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிச் சாத்தான்குளத்தில் ஒரு விதைக்கடை அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"வாரும் வேய், என்ன வேணும்?"

"உவர்க் கத்தரி வெத, அண்ணாச்சி. பச்சையில ஊதாக் கோடு, காம்புல முள்ளு."

"இருக்கு."

"உப்புத் தண்ணியில நிக்குமா?"

"நீரு தூத்துக்குடியில நிக்கீரா இல்லியா? அது மாதிரி நிக்கும்."

அந்த விதையை என் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதே விதையைத்தான் டிப்போ உறையில் பார்த்தேன் என்றேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. முகம் மாறி, மெதுவாகச் சொன்னார். "உள்ளதச் சொல்லுதேன், கேளும். எங்க வீட்டுலயும் அந்தக் கத்தரி இருந்துச்சு. பெட்டையெல்லாம் ஒருத்திக்கொருத்தி குடுத்துக்கிடுவாளுவ, கடைக்கு ஒரு நாளும் வந்தது கெடையாது. இப்பம் ஒருத்திகிட்டயும் இல்ல. எனக்கே ரெண்டு வெத கெடச்சா கொண்டாரும்." வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உன் அம்மா, "வித்தவுக ஒருத்தருமே இல்லியே, பெறவு எங்க போயி வாங்குவிய?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவைக்கச் சொன்னாள்.

கடைசியாக அந்தோணியம்மாளிடம் போனேன். அவள் ஆட்களில் மீன் விற்கிறவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், எங்கேயாவது பார்த்திருப்பார்களா என்று கேட்க. அவள் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வலையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ஒங்கிட்ட வந்து கேட்டது எதுக்குன்னு நெனச்ச? தையிலதான எம் மவளக் கெட்டிக்குடுத்தேன், தருவைகுளத்துல. அங்கனயும் கெணறு கரிக்கும். ஒம் பொண்டாட்டிதான் சொன்னா, வேதக்காரியா இருந்தா என்ன, பொண்ணு போறா, முந்தியில முடிஞ்சு விடுங்க, முத வெதைய எனக்குத் தரணும்னு. நீ பத்தவச்சுட்டன்னு சொல்லிட்ட. நாங்க வெறுங்கையோடத்தான அனுப்புனோம்."

பிறகு அவளே சொன்னாள், "குடுத்துருந்தா இப்பம் அங்கன காய்ச்சிருக்கும். நடந்தே போயி வாங்கியாந்துருப்பேன், ஒனக்கு." குற்றம் சொல்கிற குரலில்லை. எனக்காக வருத்தப்பட்டாள். அதுதான் தாங்கவில்லை. நம்பாமல், மறுநாள் தருவைகுளத்துக்கு நானே போனேன். அந்தப் பெண்ணின் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியைப் பார்த்தேன். நல்ல இடம், வெயில் விழுகிற இடம், பாத்திகூடக் கட்டி வைத்திருந்தாள். அதில் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் நீ பிறந்தாய். நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே மருத்துவச்சி, "பொம்பளப்புள்ள, லெச்சுமி வந்துருக்கா" என்றாள். பிறகு உன் அம்மாவின் குரல் கேட்டது. "இவ போகும்போது முந்தியில என்னத்த முடிஞ்சுவிடுவேன்?" நீ பிறந்ததற்கு அவள் வருத்தப்படவில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே உன்னைக் கட்டிக்கொடுக்கிற நாள் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டாள். அங்கே அவள் கையில் ஒன்றும் இல்லை.

பட்டறையில் வேலை சுருங்கிவிட்டது. படகுகளை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கப்பலுக்குப் போக அது ஒரு காரணம். அந்த வெள்ளை பூத்த பாத்தியைத் தினமும் காலையில் பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று என்னைக் கேட்காதே. உன் அம்மா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போன வாரம் மட்டும், "போற ஊர்ல எங்கயாவது உப்புக் கெணத்து ஓரம் கத்தரி நின்னா பாருங்க" என்றாள். எஞ்சின் அறையிலிருந்து கிணற்று ஓரம் எதுவும் தெரியாது. பார்க்கிறேன் என்றேன். இது அவளிடம் நான் சொன்ன ஒரே பொய்.

உனக்கு என்ன சொல்ல? புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை, ஆனால் அப்பன் என்று இரண்டு வரி எழுதிவிடுகிறேன். உன்னிடம் யாராவது ஒரு கை ஏதாவது கேட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டாவது இல்லை என்று சொல். நல்லதாக ஒன்று உன்னிடம் இருந்தால் அன்றைக்கே பாதியை இன்னொருத்தி வீட்டில் வை. காய்வதற்குப் பத்து நாள் ஆகும் என்று ஒருத்தி சொன்னால் பத்து நாள் ஆகும். அவசரக்காரனைக் கட்டாதே என்று எழுத நினைத்தேன். அதை நீ தீர்மானிக்க மாட்டாய், யாரோ தீர்மானிப்பார்கள். கட்டிவைத்துவிட்டால், அவன் கையில் பற்றவைக்கிற இரும்பு இருக்கும்போது அவனிடமிருந்து விதையை மறைத்து வை. உன் அம்மா மறைத்திருக்க வேண்டும். என்னை மதித்துக் கெட்டாள்.

இனி, நிறையப் பேர் படித்தால் நல்லது என்றேனே, அது. சின்னக் காய், பச்சையில் ஊதாக் கோடு, காம்பில் முள், உவர்க் கிணற்றில் நிற்கும். இந்தக் கரையில் யார் வீட்டிலாவது அது இருந்தால், செல்லக்கனியின் மகளுக்கு ஒரு கை வேண்டும். விலை பேசமாட்டாள். முதல் காய்ப்பில் பங்கைத் திருப்பித் தருவாள், அதற்கு நான் சாட்சி. ஆனால் உனக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இருக்கும் என்று நான் நம்பவில்லை. நடந்து தேடக்கூடிய தூரமெல்லாம் தேடியாயிற்று. கேட்கவேண்டியவர்களைக் கேட்டாயிற்று. எழுதாமல் போனால் தப்பு என்பதால் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை அந்தப் பிஸ்கட் டப்பாவிலேயே வைக்கிறேன். அடியில் கொஞ்சம் செத்த விதை ஒட்டியிருக்கிறது. சுரண்டவில்லை, அது உன் பங்கு. உளி பட்டு மூடி ஒரு பக்கம் நெளிந்துவிட்டது, சரியாகப் பொருந்தாது. உள்ளே காற்றுப் போகும், பூச்சி போகும், காகிதம் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியாது. தட்டி நேராக்கி ஈயம் வைக்க எனக்குக் கால்மணி நேரம் போதும். இரும்பும் சூடாகத்தான் இருக்கிறது, பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வைக்கவில்லை. மூடியை அப்படியே மேலே சாத்திவிட்டு, உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா